ஒரு நாழிகை வழி

மைல்கல் வருவதற்கு முன்னால் நம் நாட்டில் தூரத்துக்கு வேறு அளவுகள் இருந்தன. "அந்த ஊர் எவ்வளவு தூரம்?" என்று வழிப்போக்கன் கேட்டால், கிராமவாசி, "கூப்பிடு தூரந்தான்" என்பான். கொஞ்சம் அதிகமானால், "இரண்டு நாழிகை வழி" என்பான். அதற்கும் மேற்பட்டால், "இன்று காலையில் புறப்பட்டால் நாளை உச்சிப் பொழுதுக்குப் போய்ச் சேரலாம்" என்பான். நாழிகை என்பது 24 நிமிஷம். அந்த நேரத்துக்குள் ஒரு மனிதன் கால்நடையாகக் கடக்கும் தூரமே நாழிகை வழி. சுமார் ஒன்றேகால் மைல் என்று வைத்துக்கொள்ளலாம்.

தூரத்தைக் கேட்டவனுக்கு நேரத்தைச் சொல்லும் இந்த வழக்கம் மைல்கல்லைக் கண்டதும் ஒடுங்கிப் போயிற்று. ஆகாய விமானம் வந்த பிறகு மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. சென்னைக்கும் டில்லிக்கும் எத்தனை மைல் என்று விமானப் பிரயாணிகளைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவார்கள்.

நம் தமிழ்நாட்டின் நடுப்பாகத்தில் அப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மேற்கே ஓமலூருக்கு அருகில் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. கிழக்கே கடற்கரைக்குச் சமீபத்தில், லாஸ்பேட்டையில், புதுச்சேரி விமான நிலையம் இருக்கிறது. இரண்டும் சிறிய நிலையங்கள். இரண்டுக்கும் நடுவே கல்வராயன் மலையும் கள்ளக்குறிச்சிச் சீமையும் கிடக்கின்றன. விமானத்துக்கு இது எத்தனை நாழிகை வழி?

பூகோளக் கணக்கு

பூமிப் படத்தை விரித்து இரண்டு நிலையங்களுக்கும் நேராக ஒரு கோடு இழுத்தால், அதன் நீளம் ஏறக்குறைய 191 கிலோமீட்டர். மைல் கணக்கில் 119. மாலுமிகளும் விமானிகளும் உபயோகிக்கும் கடல் மைல் கணக்கில் 103. கடல் மைல் என்பது 1,852 மீட்டர். பூமியின் சுற்றளவில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் அளவு அது. கப்பல்காரர்களின் சொத்தை விமானிகள் அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டு விட்டார்கள்.

கோடு ஏறத்தாழக் கிழக்கு மேற்காகவே செல்கிறது. வடக்குத் தெற்கில் உள்ள வித்தியாசம் 20 கிலோமீட்டர்தான். தீர்க்கரேகையில் வித்தியாசம் ஒன்றே முக்கால் பாகை. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம் வீதம் சூரியன் மேற்கே நகர்கிறான் அல்லவா? ஆகவே, புதுச்சேரிக் கடலில் உதயமான சூரியன் சேலத்தாருக்குத் தரிசனம் தருவதற்குச் சுமார் ஏழு நிமிஷம் ஆகிறது. இந்த 191 கிலோமீட்டரை இவ்வளவு சீக்கிரம் தினந்தோறும் தவறாமல் கடக்கிறவர் அவர் ஒருவர்தான்.

மனிதன் செய்த விமானம் அவ்வளவு வேகம் போகாது. இம்மாதிரிச் சிறிய நிலையங்களுக்கு ஏற்றது ஏ.டி.ஆர். என்னும் சுழல்விசிறி விமானம். எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் அதில் உட்காரலாம். உச்சி வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியது. நிமிஷத்துக்கு எட்டுக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 191 கிலோமீட்டரை 24 நிமிஷத்தில் தாண்டிவிடும். சரியாக ஒரு நாழிகை! கால்நடையாகப் போகிறவனுக்குத் தொண்ணூற்றைந்து நாழிகை வழியாக இருப்பது விமானத்துக்கு ஒரே ஒரு நாழிகை வழி.

தரையில் போகும் நேரம்

ஆனால் இது காகிதத்தில் போட்ட கணக்கு. விமானம் அம்பு அல்ல. எய்தவுடனே முழு வேகத்தில் பாய்ந்துவிடாது. நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போக வேண்டும். காற்றுக்கு எதிர்முகமாக ஓடிக் கிளம்ப வேண்டும். கிளம்பிய திசை போக வேண்டிய திசையாக இராவிட்டால் வட்டமிட்டுத் திரும்ப வேண்டும். மேலே ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும்போதும் குறைவு. இவ்வளவு கிட்டத்தில் உள்ள ஊருக்கு, ஏறி முடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தால் ஒரு நாழிகை இரண்டு நாழிகை ஆகிறது. அதாவது, கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கிற வரையில் முக்கால் மணிக்குக் குறையாது.

சேலம் நகரத்திலிருந்து விமான நிலையம் 20 கிலோமீட்டர் இருக்கும். அதற்கு முக்கால் மணி வைத்துக்கொள்ளலாம். விமானம் புறப்படுவதற்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்பே சீட்டுக் கொடுக்கும் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். ஜாக்கிரதையுள்ள குடும்பஸ்தர் அதற்கும் கால் மணி முன்னதாகப் போய் நிற்பார். அந்தப் பக்கம் இறங்கி, மூட்டையை வாங்கிக்கொண்டு, வீடு போய்ச் சேர இன்னும் அரை மணி. ஆக மொத்தம் மூன்றேகால் மணி. இதில் ஆகாயத்தில் இருந்தது அரை மணிக்குச் சற்று அதிகம். மற்றதெல்லாம் தரையிலே போன நேரம்.

சாலை வழியாகப் போனால்? சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாக உளுந்தூர்ப்பேட்டை 136 கிலோமீட்டர். அங்கிருந்து விழுப்புரம் சென்று கிழக்கே திரும்பினால், மொத்தம் 210 கிலோமீட்டர் சுமாரில் புதுச்சேரி. மோட்டாரில் நாலு மணி நேரம். விமானத்தினால் மிச்சமாவது முக்கால் மணி. வாசலில் வண்டி ஏறி வாசலில் இறங்கும் சௌகரியத்தையும், டிக்கெட்டு விலையையும் தராசில் போட்டால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பதை நேயர்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதனால்தான் இம்மாதிரிக் கிட்டத்து ஊர்களுக்குள்ளே விமானம் வேரூன்றுவதில்லை. எரிபொருளில் பெரும் பங்கு கிளம்பி மேலே ஏறுவதிலேயே போய்விடுகிறது. இறங்குவதற்குக் கட்டும் கூலி, தூரம் கிட்டமானாலும் எட்டமானாலும் ஒன்றுதான். ஓடுபாதைகளும் நீளம் போதாதவை. சேலத்தில் ஏறக்குறைய 1,800 மீட்டர். புதுச்சேரியில் 1,500 மீட்டர். பெரிய ஜெட் விமானங்கள் முழுச் சுமையோடு வந்து போவதற்கு அது காணாது.

தலையைச் சுற்றி மூக்கு

சேலத்து நிலையம் திறந்தது 1993-ல். சில காலம் விமானம் வந்தது, நின்றது. 2009-ல் மறுபடி வந்தது, 2011-ல் நின்றது. சாமானிய ஜனங்களும் மணிக்கு 2,500 ரூபாய் கட்டணத்தில் பறக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2016-ல் வகுத்த 'உடான்' திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்கு ஒரு விமானம் ஆரம்பமாயிற்று. அதுவும் 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் சென்னை, பெங்களூர், ஹைதராபாத், கொச்சி ஆகிய ஊர்களுக்குப் புதிதாக ஆரம்பித்தார்கள். புதுச்சேரியின் ஜாதகமும் இதே மாதிரிதான். 2013-ல் ஆரம்பம், 2014-ல் நிறுத்தம். 2017-ல் மறுபடி ஆரம்பம், 2024-ல் நிறுத்தம். அதே வருஷம் டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மீண்டும் ஆரம்பம்.

இந்த இரண்டு நிலையங்களையும் நேராக இணைக்கும் விமானம் மட்டும் நிலைபெறவில்லை. பிடிவாதமாக ஆகாய மார்க்கமாகத்தான் போவேன் என்பவர், முதலில் வடக்கே 160 கிலோமீட்டர் பறந்து பெங்களூர் போய், அங்கே காத்திருந்து, வேறு விமானம் ஏறித் தென்கிழக்கே 265 கிலோமீட்டர் பறந்து புதுச்சேரியில் இறங்க வேண்டும். 191 கிலோமீட்டருக்குப் பதில் 425 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான் போலும்.

விமானம் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஸ்ரீ ஜே. ஆர். டி. டாடா தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானம் ஓட்டி வந்தார். அந்தத் தபால் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்து வந்தது. தேசத்துக்குப் பெருமையான காரியந்தான். ஆனால் சென்னையில் வந்து இறங்கிய கடிதத்தை ரயில் ஏற்றி, வண்டி ஏற்றி, வரப்பு மேல் நடந்து, உரியவர் கையில் கொடுத்தவர் தபால்காரர். அவருடைய கால்கள் இல்லாவிட்டால் விமானத்தின் வேகத்தினால் யாருக்கு லாபம்?

கோட்டின் கீழே

படத்தில் இழுத்த கோட்டுக்கு மறுபடியும் வருவோம். சேலத்திலிருந்து கிளம்பினால் எட்டாவது ஒன்பதாவது நிமிஷத்தில் கோடு கல்வராயன் மலைமேல் ஏறுகிறது. வெள்ளிமலைப் பக்கமாகச் செல்கிறது. கிழக்குச் சரிவில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வடக்கே போகிறது. அகலத்தில் சுமார் 40 கிலோமீட்டர் உள்ள அந்த மலையை விமானம் ஐந்து நிமிஷத்தில் தாண்டிவிடும். ஜன்னலோரத்தில் இருப்பவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடித்து மூடுவதற்குள் மலை பின்னால் போய்விடும்.

கீழே இருப்பவர்களுக்கு அது அவ்வளவு சின்ன மலை அல்ல. வடபாகத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் அடியும், தென்பாகத்தில் நாலாயிரம் அடி வரையிலும் உயர்ந்த மேட்டு நிலம் அது. கோமுகி நதி அங்கே பிறந்து கச்சிராயபாளையத்துக்கு அருகே அணைக்குள் தேங்கி, கீழ்நாட்டு நெல்லையும் கரும்பையும் வளர்க்கிறது. மலையில் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைகின்றன. கடுக்காய், புளி, தேன் எல்லாம் கிடைக்கின்றன. அங்கே வசிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டு அவர்கள் கேரளத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள். பேசுவது தமிழ், பூர்விகம் காஞ்சீபுரம் என்பது அவர்களுடைய ஐதிகம்.

இந்த மலைக்குச் சுதந்திரம் மெதுவாக வந்தது. 1947 ஆகஸ்டில் தேசம் முழுவதும் கொடி ஏற்றிய பிறகும் கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. ஜாகீர் முறை ஒழிந்து மலை சர்க்கார் நிர்வாகத்துக்கு முழுவதும் வந்தது 1976-ல்தான். டில்லிச் செங்கோட்டைக்கும் வெள்ளிமலைக்கும் உள்ள தூரம் இருபத்தொன்பது வருஷ வழி என்று சொல்லலாம். சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே பிந்திப் போனதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று அதே ஜில்லாவில் உண்டு. இரண்டாவது உலக யுத்தம் மூண்ட சமயத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு விமானத் தளத்தை அமைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அது பாழ்பட்டுக் கிடந்தது. அவசரம் என்று சர்க்கார் நினைத்துவிட்டால் பொட்டல் காட்டில் ஓடுபாதை எழும்பிவிடுகிறது என்பதற்கு அது சாட்சி. மலைவாசியின் அவசரத்துக்கு அந்தச் சுறுசுறுப்பு இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில்

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி ஜில்லாவாயிற்று. அளந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். அந்த ஊரிலிருந்து சேலம் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 97 கிலோமீட்டர். புதுச்சேரி விமான நிலையமும் ஏறக்குறைய அதே தூரந்தான். இரண்டு நிலையங்களுக்கும் நட்டநடுவில் இருக்கிறது. அதாவது, அந்த இரண்டு நிலையங்களில் எதற்கும் கிட்டமாக இல்லாத இடத்தில் இருக்கிறது.

2024 ஜூன் மாதத்தில் இந்தத் தூரம் வேடிக்கையாக இல்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் என்னும் விஷம் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் மெள்ள மெள்ள வேறொரு அமிலமாக மாறுகிறது. அந்த அமிலந்தான் கண்ணைப் பறித்து உயிரையும் பறிக்கிறது. மாறி முடிவதற்குள் மாற்று மருந்து கொடுக்க வேண்டும். இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க் கணக்கு. 2022-ல் திறந்த கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் நோயாளிகளை எங்கே அனுப்பினார்கள்? மேற்கே சேலத்துக்கும், கிழக்கே விழுப்புரத்துக்கும், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். நாம் படத்தில் இழுத்த அதே கோட்டின் இரண்டு முனைகள்! 65-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

அடுத்த மாதமே சென்னை ஹைகோர்ட்டு கல்வராயன் மலை ஜனங்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரித்தது. கள்ளச் சாராயத்துக்குப் பேர் போன மலை என்று போலீஸ் தஸ்தாவேஜில் எழுதுவது சுலபம். சாலையும் படிப்பும் பிழைப்பும் அங்கே எப்படி இருக்கின்றன என்று கேட்பதுதான் அவசியம். அந்தக் கேள்வியைக் கோர்ட்டு கேட்டது.

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர் சுமார். விமானத்துக்கு நாலு நிமிஷம். மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்குவதால் மோட்டாருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வெள்ளிமலை தாலுகாவின் தலைநகர். அங்கே பஸ் உண்டு. சாலை எட்டாத குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால், முதலில் தூளி கட்டிச் சாலை வரையில் தூக்கி வர வேண்டும். மழைக்காலமானால் ஓடையில் தண்ணீர் வடிகிற வரையில் காத்திருக்க வேண்டும். 2008-ல் ஆரம்பித்த 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும், சாலை முடிகிற இடத்தில்தான் நிற்க முடியும். அங்கேயிருந்து குடிசை வரையில் இன்னும் நாழிகை வழிக் கணக்குத்தான்.

செய்யக்கூடியது

விமானப் பிரயாணத்தில் நேரம் ஆகாயத்தில் வீணாகவில்லை, தரையில் வீணாகிறது என்று மேலே பார்த்தோம். மலைவாசியின் பிரயாணத்திலும் அப்படியே. பெருஞ்சாலையில் போகும் நேரத்தை விட, வீட்டிலிருந்து சாலை வரையில் உள்ள இரண்டு மூன்று மைல்தான் காலனாக வந்து நிற்கிறது. அந்த இரண்டு மூன்று மைலைச் சீர்படுத்துவதற்கு ஓடுபாதை போடும் செலவு வேண்டாம்.

காடு குறுக்கே நிற்கிறது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். காட்டைக் காப்பது அவசியந்தான். அதற்குச் சட்டமே வழி சொல்லியிருக்கிறது. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி, சாலை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை, குடிநீர் முதலிய காரியங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் சிபாரிசின் பேரில் கொடுக்கலாம். பன்னிரண்டு அடி அகலச் சாலையானால் ஒரு ஹெக்டேரில் இரண்டரைக் கிலோமீட்டர் போடலாம். பல குடியிருப்புகளுக்கு அந்த நீளமே போதும். கிராம சபை கூடித் தீர்மானம் எழுத வேண்டும். உத்தியோகஸ்தர்கள் அதைக் கட்டில் சேர்த்துத் தூங்க விடாமல் கையெழுத்துப் போட வேண்டும்.

சாலை வரும் வரையில் மலைமேலேயே ஆம்புலன்ஸ் வண்டியை நிறுத்தி வைக்கலாம். பிரசவ நாள் நெருங்கிய தாய்மார்களை முன்னதாகவே அழைத்து வந்து தங்க வைக்கும் அறைகள் தமிழ்நாட்டு மலைப் பிரதேச ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் உண்டு. அந்த ஏற்பாட்டை விஸ்தரிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முதற்படியாக ஒரு சின்ன யோசனை. விமானக் கம்பெனிக்காரர்கள் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை நிமிஷம் என்று அட்டவணை அச்சிடுகிறார்கள். ஜில்லா அதிகாரிகளும் அம்மாதிரி ஒன்று அச்சிடட்டும். கல்வராயன் மலையில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பின் பெயரையும் எழுதி, அங்கேயிருந்து பக்கத்து வைத்தியரிடம் போய்ச் சேர வெயில் காலத்தில் எத்தனை நிமிஷம், மழைக்காலத்தில் எத்தனை நிமிஷம் என்று குறிக்கட்டும். கிலோமீட்டரைக் கேட்டு ஏமாற வேண்டாம். நம் பாட்டன்மார் போல் நேரத்தையே கேட்போம். வருஷத்துக்கு ஒரு முறை அந்த அட்டவணையைத் திருத்தி அச்சிட வேண்டும். எந்தக் குடியிருப்புக்கு எதிரே உள்ள எண் மூன்று வருஷமாகக் குறையாமல் நிற்கிறதோ, அங்கே சாலை வேலை முதலில் ஆரம்பமாகட்டும்.